துறைமுக நகரில் மடவை

சட்டத்தின் முன்னால் அனைவரும் சமம். இந்த மகத்தான உண்மையை எழுபத்தாறாம் வருஷம் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் நேரிலேயே பார்க்க முடிந்தது. புகார் கொடுத்த டொன் கபிரியேல் ரோச் உள்ளே வந்தால் இன்ஸ்பெக்டர் எழுந்து தம் நாற்காலியை அவருக்குக் கொடுப்பார். புகாருக்கு ஆளான தேவதாசன் வந்தால் செருப்பை வாசலில் கழற்றச் சொல்வார்கள். ஆனால் இருவர் தலைக்கு மேலும் இருந்தது ஒரே மின்விசிறிதான். அது இருவருக்குமே ஓடாது.

தேவதாசன் தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் கூரை ஓடும் ஏற்றிப்போகிற பாய்த்தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பேர். நங்கூரத்தைத் தூக்கிவிட்டால் தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் தோணியில் பல வருஷமாக அவர்தான் தண்டல். தைமாதம் அவரைப் பிடித்து, ஜாமீனில் விட்டார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை. ஊர் எல்லையைத் தாண்டாமல் கொழும்புக்குப் போவது எப்படி என்று நிபந்தனையில் சொல்லவில்லை.

“வாரும் தண்டலு,” என்பார் ஏட்டு சுடலைமாடன். “நேத்து தோணி எதுவும் கவுந்துச்சா?”

“என் கையில தோணி கவுந்ததில்ல ஏட்டையா.”

“அதான் கரையில வந்து கவுந்துட்டீரே.”

ஏட்டுக்குப் பின்னால் சுவரில், குறைவாகப் பேசி அதிகமாக உழைக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ளும் எமர்ஜென்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஏட்டு அதற்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவார்.

கதை அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் தொடங்கியது.

டொன் கபிரியேல் ரோச்சின் முன்னோருக்குப் போர்த்துகீசியர் ‘டொன்’ பட்டம் கொடுத்தார்கள். எந்த முன்னோருக்கு என்பதில் குடும்பத்துக்குள் தகராறு வந்து, கடைசியில் சகோதரர்கள் மூவரும் ஆளுக்கொரு டொன் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய தகப்பனார் காலத்தில் தோணிகள் இருந்தன. கபிரியேல் ரோச் காலத்தில் அந்தத் தோணிகளின் படங்கள் இருந்தன, சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவரில். புதுத் துறைமுகம் திறந்ததும் ஊரில் நிலத்துக்கு வந்த கிராக்கியைப் பார்த்து அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அதன் பெயர் ‘துறைமுக நகர்’. துறைமுகம் ஊருக்குத் தெற்கே. துறைமுக நகர் ஊருக்கு வடக்கே, தருவைகுளம் போகிற பாதையில். இதைக் கேட்டவர்களிடம், “தொலைநோக்கு வேணும்,” என்றார்.

நிலம் தேவதாசனின் மனைவி அமலோற்பவத்துக்கு அப்பன் வழி வந்தது. உடைமரமும் உவர்மண்ணுமாகக் கிடந்த பள்ளம். நிலத்தை அவர்கள் தருவது, மனைகளாகப் பிரித்து விற்பது ரோச், வருவதில் பங்கு என்று பேச்சு. ரோச் கொஞ்சம் முன்பணமும் கொடுத்தார். மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு பாண்டு வாத்தியம் வைத்துக் கல் நாட்டினார். அப்போது ஆடிக்காற்றில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்பு பொரிந்து, புழுதி பறந்துகொண்டிருந்தது. தெருக்களுக்கு அவர் தம் முன்னோர்கள் பேரை வைத்திருந்தார். முன்னோர்கள் தீர்ந்துபோனதால் கடைசித் தெருவுக்குத் தம் பேரையே வைத்தார்.

கல் நாட்டிய இடத்தில் வைத்தே தேவதாசன் சொன்னார்: “ஐயா, ஐப்பசி கார்த்திகையில இங்கன தண்ணி ஏறும். மேக்கேருந்து காட்டு வெள்ளம் வரும், கிழக்கேருந்து ஓடை ஒடச்சுக் கடத்தண்ணியும் வரும். தொடை மட்டுக்கு நிக்கும். வாங்குதவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. மண்ணடிச்சு மேடாக்குனா நல்லது.”

ரோச் அவர் தோளில் கை வைத்தார். தோளில் கை வைக்க அவருக்கு எட்டாது, வைத்தார்.

“தேவதாசன், ஹாலந்துன்னு ஒரு தேசம் கேள்விப்பட்டிருக்கியா? தேசம் பூராவும் கடலுக்குக் கீழ இருக்கு. அங்க ராணியே குடியிருக்கா.”

“இருப்பாவய்யா. அவுகளுக்கு மண்ணடிக்க ஆளிருக்கும்.”

“நீ தோணியப் பாரு. நிலத்த நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டார். மனைகள் விற்றுத் தீர்ந்தன. பணம் இப்போது, பத்திரப் பதிவு பிறகு என்றார். ஓய்வுபெற்ற கஸ்டம்ஸ் குமாஸ்தா, கப்பலில் இருக்கும் மகன்களுக்காக வாங்கிய விதவைகள், பள்ளிக்கூட டீச்சர்மார் எல்லாரும் வாங்கினார்கள். ஐப்பசி பிறந்தது. மழை விட்ட ஒரு நாள், மெட்டில்டா டீச்சர் குடையும் கையுமாகத் தன் மனையைப் பார்க்கப் போனாள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். நடுவில் ஒருவன் இடுப்பளவில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தான்.

“இங்கன பதினேழாம் நம்பர் மனை எது தம்பி?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “அந்தா, இப்பம் வல விழுந்துச்சே, அதுக்கு அந்தால.”

மறுநாள் மனை வாங்கினவர்கள் எல்லாரும் ரோச்சின் வீட்டு வாசலில் நின்றார்கள். டீச்சர்மார் கத்தியது பூபாலராயர் தெருவரைக்கும் கேட்டது. ரோச் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யோசித்தார். ஜன்னலைத் திறந்தபோது, இந்த மோசடியில் முதலில் ஏமாந்த ஆள் தாம்தான் என்று கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் ஏறும் நிலம் என்பதை மறைத்து, நயவஞ்சகமாகத் தம் தலையில் கட்டிவிட்டான் தண்டல் தேவதாசன் என்று ஒன்பது பக்கம் புகார் எழுதினார். அதில் முதல் மூன்று பக்கம் வம்சாவளி. நிலம் அமலோற்பவத்தின் பேரில் இருந்தாலும் ஒரு பெண்பிள்ளையின் மேல் வழக்குப் போடுவது தம் குலத்துக்கு இழுக்கு என்று எழுதி, புருஷன்மேல் போட்டார். நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று இரண்டு பிரிவுகளில் போலீஸார் குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தார்கள். டீச்சர்மார் வாசலை விட்டுப் போனார்கள். “பாவம், அவரே ஏமாந்துட்டாரு,” என்றார்கள்.

மாசி, பங்குனி என்று கொழும்பு ஓட்டம் முழுக்க வேறொருவன் தண்டலாகப் போய்வந்தான். வைகாசியில் காற்று திரும்பியது. தோணிகளைக் கரையேற்றிச் செப்பனிடும் காலம். தேவதாசன் தம் தோணிக்கே கூலிக்குப் போனார். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியைத் திணித்து, உளியை வைத்து மரச்சுத்தியால் அறைகிற வேலை. அதைக் கலப்பத்து என்பார்கள். வெயில் ஏற ஏறப் பலகை மீனெண்ணெய் நாற்றத்தைக் கக்கும். தேவதாசன் அறைகிற அறை பக்கத்துத் தோணிக்காரர்களுக்கும் கேட்டது.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

“வே தண்டலு, பைய அடியும். பலக ரோச்சு ஐயா இல்ல.”

தேவதாசன் உளியை அடுத்த இடுக்குக்கு நகர்த்தினார்.

“ஒம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்கிடாதயும். போன ஓட்டத்துக்கு வச்சனே ஒரு பய, ரெண்டு தடவ சரக்க நனச்சுட்டான். வெங்காயம் பூராம் அழுகி, கொழும்புக்காரன் கடலுக்குள்ள கொட்டிட்டான். எனக்கு நீருதான் வேணும். ஆனா புரட்டாசியில தோணி எறங்கணும்லா? அதுக்குள்ள ஒம்ம கேஸு முடியலன்னா மணப்பாட்டுக்காரன் ஒருத்தன் கேக்கான், அவனுக்கே நெலையா குடுத்துருவேன். பொறவு நீரு வந்து நின்னா அவன எறக்க முடியாது.”

“சரி அண்ணாச்சி.”

“சரின்னு சொல்லாதயும்வே. ஏதாவது பண்ணும்.”

அன்று மத்தியானம் அமலோற்பவம் சோற்றையும் சாளைக் குழம்பையும் எடுத்து வைத்தபோது, அவள் தம்பி மனுவேல் சைக்கிளில் வந்து இறங்கினான். புதுத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை. காதில் விழுகிற இங்கிலீஷை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறவன்.

“மச்சான், மெட்ராஸ் ஐகோர்ட்டுல ‘குவாஷ்’னு ஒரு பெட்டிசன் இருக்காம்.”

“தின்னுட்டுப் பேசு,” என்றாள் அமலோற்பவம்.

“இங்கன கேஸு நடத்துனா வாய்தா வாய்தாவா அஞ்சு வருசம் இழுக்கும். குவாஷ்னா கேஸ நடத்துதது இல்லக்கா. இந்தக் கேஸு நடக்கவே கூடாது, இது கொடுக்கல் வாங்கல் தகராறு, இதுல குத்தமே இல்லன்னு சொல்லுதது. அவுக ஒத்துக்கிட்டா கேஸையே இல்லாம ஆக்கிருவாவளாம். கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

“இல்லாம ஆக்கிருவாவளா?” தேவதாசன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “அப்பம் அன்னைக்கு ராத்திரி லாக்கப்புல என் வேட்டிய உருவுனானே, அதையும் இல்லாம ஆக்கிருவாவளா?”

மனுவேல் குழம்பை ஊற்றிக்கொண்டான். அதற்கு அவன் ஏஜெண்டு எதுவும் சொல்லித் தரவில்லை.

இந்தச் சேதி எப்படியோ ஸ்டேஷனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏட்டு சுடலைமாடன் வீட்டுக்கே வந்தார். அமலோற்பவம் முற்றத்தில் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, ஐயா பெரிய மனசு பண்ணிருக்காவ. மெட்ராஸு கிட்ராஸுன்னு எதுக்கு அலையுதிய? ரெண்டே விசயம். அந்த நெலத்த அவுக பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. வார ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் கோயிலு வாசல்ல, கோயிலு சபை கொம்பிரியார் ஆளுவ முன்னால, தண்டலு ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கட்டும். கேஸு முடிஞ்சுது. புரட்டாசிக்குத் தோணியும் கெடச்சுரும்.”

தேவதாசன் கிழக்கே, கடல் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டு அமலோற்பவத்துக்குப் பயம் வந்தது. அவர் கணக்குப் போடுகிறார். சரி என்று சொல்லிவிடுவார்.

மீனை மணையோடு விட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

“ஏட்டையா, தண்ணி ஏறுத நெலம், அதக் குடுத்து ஏமாத்திட்டோம்னுதான கேஸு?”

“ஆமா.”

“அப்பம் அந்த நாத்தம்புடிச்ச நெலம் இப்பம் எதுக்கு அவருக்கு?”

ஏட்டு தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

“நான் சொல்லட்டா? ஆளுவகிட்ட வாங்குன துட்டு அவருகிட்ட இருக்கு. நெலமும் வேணும். போதாக்கொறைக்கு எம்புருசன் கோயிலு வாசல்ல தல குனிஞ்சு நிக்கணும். சவத்த மூதி! திருட்டு வேல பாத்தது அவரு, மன்னிப்புக் கேக்கது இவுகளா? போயிச் சொல்லுங்க. நெலத்துல ஒரு கைப்பிடி மண்ணு தாரேன். வாயில போடச் சொல்லுங்க.”

“ஏளா…” என்றார் தேவதாசன்.

“நீங்க சும்மா இருங்க. கடல்ல நீங்க தண்டலு. இங்கன நாந்தான்.”

ஏட்டு எழுந்து போனார். போகும்போது வழக்கம்போலக் கொஞ்சம் மீன் கேட்க நினைத்து, கேட்காமல் போனார்.

தேவதாசன் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. வக்காலத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அமலோற்பவமும் மனுவேலும் மெட்ராஸுக்கு ரயிலேறினார்கள். வக்கீல் ஆபீஸ் ஐகோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், குறுகலான மாடிப்படிக்கு மேலே. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஆள். ஜூனியர் புகாரை வாசித்தான். மூன்று பக்க வம்சாவளி முடிவதற்குள் வக்கீல் தூங்கிவிட்டார் என்றே அமலோற்பவம் நினைத்தாள். உண்மையில் தூத்துக்குடியிலும் அதைத் தாண்டி யாரும் ஒழுங்காகப் படித்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் முதல் பக்கத்துப் பட்டங்களுக்குச் சல்யூட் அடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார்.

நான்காம் பக்கம். ஜூனியர் வாசித்தான்:

“‘மேற்படி எதிரி எனக்குத் துரோகம் செய்வான் என்று நான் கனவிலும் கருதவில்லை. ஏனெனில் மேற்படி நிலத்தில் மார்கழி தோறும் பிடிபடும் மடவை மீனில் முதல் மீன்களை, எதிரியின் குடும்பத்தார் என் தகப்பனார் காலந்தொட்டு இன்றுவரை என் இல்லத்துக்குக் கப்பமாகச் செலுத்திவருகிறார்கள். இந்த விசுவாசத்தை நம்பியே நான்…’”

“நிறுத்துங்க!” என்றாள் அமலோற்பவம். “என்னன்னு எழுதிருக்காரு?”

“கப்பம்னு எழுதியிருக்கார்.”

“கப்பமா? எது கப்பம்? எங்கப்பா அவுக அப்பா தோணியில வேல பாத்தாரு. அந்தப் பெரியவரு நல்ல மனுசன், எங்க அம்மைக்குப் பேறுகாலத்துல வண்டி அனுப்புன மனுசன். கிறிஸ்மஸுக்கு நாலு மீனு குடுத்தோம். அவரு செத்த பொறவும் பழக்கத்த விடல. செதிலு ஒரசி, குடலெடுத்து, ஓலப்பெட்டியில வாழயெல போட்டு நாந்தான் அனுப்புதேன். அந்தப் பெட்டியக்கூடத் திருப்பி அனுப்பமாட்டாவ. அதக் கப்பம்னு எழுதுவாரா? அவரு ராசா, நாங்க குடிபடையா? தின்ன வாயில புழுதான் வைக்கும்!”

“அக்கா, சத்தம் போடாத,” என்றான் மனுவேல்.

வக்கீல் கண்ணைத் திறந்திருந்தார்.

“அம்மா, மீன் எந்த நிலத்துல?”

“அதே நெலந்தான். எங்களுக்கு வேற நெலம் ஏது?”

வக்கீல் ஜூனியரிடமிருந்து அந்தப் பக்கத்தை வாங்கித் தாமே ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அமலோற்பவத்துக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார். அந்தப் பள்ளத்தில் மழைக்கு மீன் வரும் என்பது தூத்துக்குடித் தோணிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. அவளுக்கும் அந்தக் காப்பி எதற்கென்று புரியவில்லை. கப்பம் என்ற சொல்லிலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆவணிக் கடைசியில் கேஸ் எடுத்தார்கள். பெரிய கட்டடம், சிவப்புக் கல், உள்ளே கோயில் மாதிரிக் குளிர்ச்சி. அமலோற்பவம் பின்வரிசையில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. புகாரில் சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அதில் குற்றம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றார் வக்கீல். பிறகு நான்காம் பக்கத்தின் மொழிபெயர்ப்பை நீட்டினார். நீதிபதி படித்தார். அரசு வக்கீலைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். கோர்ட்டு முழுக்கச் சிரித்தது.

“எதுக்குல சிரிக்கானுவ?” அமலோற்பவம் மனுவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எம்புருசனையா?”

“இல்லக்கா. ஜட்ஜு கேக்காரு: புகார் குடுத்தவரு வருசா வருசம் அந்த நெலத்து மீன வாங்கிச் சாப்புட்டிருக்காரு. அங்கன தண்ணி நிக்கும்னு அவருக்குத் தெரியாதுன்னா, அந்த மீனு மரத்துலயா காச்சுதுன்னு.”

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மீனுக்கு அதில் பதில் இல்லை. வேண்டுமானால் ரோச் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், இதில் ஏமாற்றும் இல்லை, மோசடியும் இல்லை, கீழ்க்கோர்ட்டு நடவடிக்கை ரத்து என்று நீதிபதி சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வருகிற ரயிலில் மனுவேல் பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கேள்வியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். விருதுநகர் தாண்டியது. அமலோற்பவம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“தையிலேருந்து அவுக அந்த வாசல்ல செருப்பக் கழத்திப் போட்டாவ. ஒரு நாளு விடல. இவனுவ அஞ்சு நிமிசத்துல சிரிச்சு முடிச்சுட்டானுவ. இந்தச் சிரிப்பத் தையிலயே சிரிச்சிருக்கலாம்லால?”

மனுவேல் சிரிப்பதை நிறுத்தினான்.

தீர்ப்பு ரயிலில் வந்தது. தீர்ப்பின் முத்திரை வைத்த நகல் தபாலில் ஊர்ந்து வந்தது. முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் விடமுடியாது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டதால், நடக்கவே கூடாத வழக்குக்காகத் தேவதாசன் புரட்டாசி பாதிவரைக்கும் கையெழுத்துப் போட்டார். முதல் ஓட்டத்தை மணப்பாட்டுக்காரன் நடத்திவிட்டு வந்தான். ஆனால் செந்தூர்பாண்டி அண்ணாச்சி தீர்ப்பைக் கேள்விப்பட்டதுமே அவனிடம் அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டுந்தான் என்று பேசிவைத்திருந்தார்.

டொன் கபிரியேல் ரோச் எவர்மீதும் பகை பாராட்டாத தம் குலவழக்கப்படி புகாரைத் தாமே கைவிட்டதாக ஊர்க் கிளப்பில் ஒரு சிற்றுரை ஆற்றினார். கைதட்டினார்கள். மெட்டில்டா டீச்சர் மட்டும் மறுபடி குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போய், தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் நிற்கத் தொடங்கினாள். இப்போது ஜன்னலைத் திறக்க அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஐப்பசி முதல் வாரம் தோணி சரக்கேற்றி நின்றது. கரையில் நல்ல கூட்டம். அண்ணாச்சி சூடம் கொளுத்தினார். அமலோற்பவம் மாதா படத்துக்கு மாலை கொடுத்தனுப்பினாள். ஏட்டு சுடலைமாடன்கூட மப்டியில் வந்து, “போயிட்டு வாரும் தண்டலு,” என்றார். தேவதாசன் அவரைத் தாண்டிப் போனார். செருப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தோணியில் ஏறி, பாயை இழுக்கச் சொல்லி ஊருக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். அத்தனை மாதத்துக் கோபமும் அதில் இருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

வாடை முகத்தில் அடித்தது. அலை குறுக்கே வந்தது. கரையில் கிடந்த உடம்புக்குக் கடல் மறந்துபோயிருந்தது. கரைக்கு எதிரே இருக்கிற முயல்தீவு மறைவதற்குள், தோணிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தண்டல் தேவதாசன் வாந்தி எடுத்தார்.